பச்சை எனாமல் மேல் வெள்ளை அடிக்கலாமா?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அம்மா வீட்டிலிருந்து ஒரு பழைய மர பீரோ வந்திருக்கிறது. வெளியே பச்சை எனாமல், ஓரங்களில் செதில் செதிலாக உரிகிறது. உள்ளே மட்டும் பழுப்புப் பாலிஷ். வெள்ளை அடித்துக் குழந்தையின் அறையில் வைக்க நினைக்கிறீர்கள். ஒரு பெயிண்டர், "உப்புத்தாள் போட்டுட்டு நேரா ரெண்டு கோட் அடிச்சா முடிஞ்சுது" என்கிறார். இன்னொருவர், "மரம் தெரியுற வரைக்கும் சுரண்டணும், பத்து நாள் வேலை" என்கிறார். யார் சொல்வது சரி, எந்த பெயிண்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் கேள்வி பெயிண்டைப் பற்றியது இல்லை. அந்தப் பச்சைப் பூச்சை நம்பி அதன் மேல் ஒன்றை ஏற்றலாமா என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு பெயிண்டர்களைவிட பீரோவே நல்ல பதில் சொல்லும்.

காரைக்குடிப் பக்கம் பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் 22 வருடமாக இருக்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகும் சாமான்களில் சிலவும், வீடுகளிலிருந்து நேரே வருபவையும் எங்கள் கைக்கு வரும். அவற்றில் பாதிக்கு மேல், யாரோ அவசரத்தில் அடித்த பெயிண்டை எடுக்கும் வேலைதான். எனவே பெயிண்ட் ஏன் உரிகிறது என்பதைப் பெயிண்ட் அடித்துக் கற்றதைவிட உரித்துக் கற்றதே அதிகம்.

முதலில் ஒரு செதிலைப் பிய்த்து அதன் முதுகைப் பாருங்கள். பளபளவென்று வழவழப்பாக இருந்து, பிய்ந்த இடத்தில் பழுப்பு மினுமினுப்பு தெரிந்தால் அடியில் பாலிஷ் இருக்கிறது. யாரோ பாலிஷைத் தேய்க்காமல் அதன் மேலேயே எனாமலை ஏற்றிவிட்டார்கள். செதிலோடு மர நார் ஒட்டிக்கொண்டு வந்தால் குற்றம் பெயிண்டில் இல்லை, மரம் ஈரம் குடித்து மேல்தோல் செத்துப்போயிருக்கிறது. முதுகில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் பட்டியோ (பள்ளம் நிரப்பும் பசை) பழைய பிரைமரோ (மேல்பூச்சுக்கு முன் அடிக்கும் முதல் பூச்சு) உதிர்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. நான் வேலை பழகிய மேஸ்திரி, "தம்பி, பெயிண்டு மரத்துலயா ஒட்டுது? மரத்து மேல இருக்குற அழுக்குலதான்டா ஒட்டுது" என்பார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பிறகு நான் உரித்த பீரோக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது அப்படியே பொருந்தியது.

உரியாமல் கெட்டியாக இருப்பதுபோலத் தெரியும் இடங்களையும் சோதிக்க வேண்டும். புது பிளேடால் ஓர் அங்குலச் சதுரத்துக்குள் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆறாறு கீறல் போடுங்கள், மரத்தைத் தொடும் ஆழத்துக்கு. அதன் மேல் செலோடேப்பை ஒட்டி, நகத்தால் நன்றாக அழுத்தி, வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் ஆய்வுக்கூடங்களில் ஐ.எஸ்.ஓ. 2409 என்று எண் போட்டுச் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான், கத்தி மட்டும் அவர்களுடையது விலை அதிகம். கட்டங்கள் அப்படியே நின்றால் அந்தப் பகுதியைச் சுரண்ட வேண்டாம். டேப்பில் கட்டம் கட்டமாக வந்தால் அங்கே எடுத்தே ஆக வேண்டும். கதவு, பக்கப்பலகை, மேல்பலகை என்று நாலைந்து இடத்தில் பாருங்கள். வெயில் பட்ட பக்கமும் சுவரோரப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஆக உங்கள் பெயிண்டர்கள் இருவர் சொன்னதும் பாதிப் பாதி சரி. ஒரே பீரோவிலேயே ஒருவர் சொன்னது இடது கதவுக்கும், மற்றவர் சொன்னது வலது கதவுக்கும் பொருந்தலாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பீரோ போவது குழந்தையின் அறைக்கு என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். பழைய பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களுக்கு நிறம் கொடுக்கப் பல ஆண்டுகள் லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மத்தைப் பயன்படுத்தினார்கள். பச்சை பெரும்பாலும் அந்த மஞ்சளோடு நீலம் கலந்து வந்ததுதான். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பீரோவின் பச்சை அதற்கு வெகுகாலம் முந்தையது. அதில் ஈயம் இருக்கிறதா என்று நானோ வேறு எவருமோ கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால்தான் தெரியும். சோதிக்காத வரை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் எங்கள் பட்டறை வழக்கம். குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இதனால் வேலை செய்யும் முறையே மாறுகிறது. மெஷின் வைத்து உலர் தேய்ப்பு கூடாது, ப்ளோலேம்ப் (தீச்சுவாலை ஊதும் விளக்கு) வைத்துச் சுடுவதும் கூடாது. வீட்டுக்குள் வைத்தும் செய்யக் கூடாது. வெளியே தார்ப்பாய் விரித்து, வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். தூசு பறக்காது, பச்சைச் சேறாக வழியும். அதைத் துணியில் துடைத்து, காய்வதற்குள் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். விளக்குமாறு போட்டுக் கூட்டாதீர்கள். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது மனத்திருப்திக்குத்தான், தூசுக்கென்று செய்த நல்ல மாஸ்க் வேண்டும். குழந்தையும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. அன்று போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள். கெட்டியாக நிற்கும் பச்சையைச் சுரண்டாமல் மூடிவிடுவதே பாதுகாப்பு என்று நான் சொல்வதும் இதனால்தான். விதிவிலக்கு ஒன்று: கதவு சட்டத்தோடு உரசும் ஓரங்களிலும், டிராயர் ஓடும் பக்கங்களிலும், குழந்தை பல் வைக்கும் உயரத்தில் உள்ள முனைகளிலும் முழுக்க எடுத்துவிடுங்கள். அங்கே மேலே எது அடித்தாலும் உரசி உரசி அடிப்பூச்சு பொடியாக வெளியே வரும்.

சுரண்டுகிற இடத்தில் எங்கள் ஆட்கள் இன்றும் உடைந்த கண்ணாடிச் சில்லைத்தான் எடுப்பார்கள். புதிதாக உடைத்த விளிம்பு இழைப்புளியைவிட மெல்லிசாக எடுக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டாம், கைதான் முதலில் உரியும். ஸ்கிரேப்பரும் பெயிண்ட் ரிமூவரும் போதும். ரிமூவரைப் பூசி, அது பொங்கி எழும்வரை பொறுத்திருந்து எடுத்தால் பாதி உழைப்பு மிச்சம். காற்றோட்டமான இடமும் ரப்பர் கையுறையும் அவசியம். காஸ்டிக் சோடாவில் கழுவலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெயிண்ட் போகும். கூடவே தேக்கு கறுத்துப்போகும். பலகை செருகியிருக்கும் காடிப் பள்ளத்தில் தங்கிய காரம் ஆறு மாதம் கழித்து புதுப் பூச்சைத் தள்ளும்.

சுரண்டத் தொடங்கும் முன் பின்னங்கால் போல யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஒரு ஜன்னல் திறந்து பாருங்கள். வாட்டர் பேப்பரால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் பூச்சுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாகத் தெரியும். வெளியே பச்சை, அதற்குள் கிரீம், அதற்குள் ஆகாய நீலம், நடுவே காவி நிறப் பிரைமர், கடைசியில் மரம். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கோட் அடித்த வீடுகளில் ஏழெட்டு வளையம் எண்ணியிருக்கிறேன். அவ்வளவு கனமாக ஏறியிருந்தால் கட்டச் சோதனையில் தேறினாலும் நான் நம்ப மாட்டேன். மேலே ஏறும் ஒவ்வொரு கோட்டும் காயும்போது அடியில் இருப்பதை இழுக்கும். நடுமரத்தில் பொன்பழுப்பும் தோல் மணமும் வந்தால் தேக்கு. செட்டிநாட்டுப் பக்கத்துச் சாமானாக இருந்தால் பர்மா தேக்காக இருக்கவும் வாய்ப்பு உண்டு. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த மரம் இந்தப் பக்கத்து வீடு முழுக்க இருக்கிறது. ஆனால் நிறத்தை வைத்து மட்டும் எந்த ஊர்த் தேக்கு என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தேக்கு என்று தெரிந்ததும், "ஐயோ, இதன் மேல் வெள்ளை அடிப்பதா" என்று சொந்தக்காரர்கள் கிளம்புவார்கள். அந்தக் குற்றவுணர்வு தேவையில்லை என்பது என் எண்ணம். பிரைமருக்கு அடியில் ஒரு கோட் அரக்கு பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, ஸ்பிரிட் பாலிஷ் என்பதும் இதுதான்) இருந்தால் பெயிண்ட் மரத்தின் துளைக்குள் இறங்காது. பிற்காலத்தில் உங்கள் மகளோ மகனோ வெள்ளையை எடுத்துவிட்டு மரத்தைப் பார்க்க விரும்பினால் சுலபமாக வரும். திரும்பி வர வழி வைத்துவிட்டு எதையும் அடிக்கலாம். ஈட்டி மரமாக இருந்தால் மட்டும் என்னால் மனசாரச் சொல்ல முடியாது, பாலிஷே போடுங்கள்.

அரக்கு வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், கறை. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் வேங்கை மரத்தில் செய்த ஒரு தொட்டிலுக்கு வெள்ளை அடித்தேன். தண்ணீர் கலக்கும் பிரைமர், மேலே இரண்டு கோட். மறுநாள் பால்போல இருந்தது. மூன்றாம் நாள் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புத் திட்டுகள். இன்னொரு கோட் அடித்தேன், அதற்கு மேலும் வந்தது. இன்னொன்று, அப்போதும் வந்தது. வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த மரத்தின் சாயம் தண்ணீரில் கரையும், ஈரமான ஒவ்வொரு கோட்டும் அதை மேலே இழுத்துக்கொண்டு வரும். கடைசியில் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு கோட் கொடுத்து, காய்ந்தபின் எண்ணெய்ப் பிரைமர் அடித்ததும் நின்றது. பத்து நாள் கூலி என் கையைவிட்டுப் போனது.

உங்கள் பீரோவின் நெற்றியில் வருடாவருடம் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் இருக்கும். அந்த இடத்தைச் சலவை சோடா போட்டுத் துடைத்தால் மஞ்சள் திடீரென்று இரத்தச் சிவப்பாக மாறும். பயப்படாதீர்கள், மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் அப்படித்தான். வெறும் தண்ணீரில் கழுவி வெயில் காட்டினால் மெல்ல வெளிறும். மிச்சத்தை அரக்கு மூடிவிடும். தேங்காய் எண்ணெய் தொட்டு அவ்வப்போது துடைத்து வைத்த பீரோ என்றால் தொல்லை இன்னும் கூடும். எண்ணெய் இருக்கும் இடத்தில் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி மீன் கண்போல நிற்கும். தேய்ப்பதற்கு முன்பே பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு முறை கழுவுங்கள். அழுக்கோடு தேய்த்தால் உப்புத்தாள் எண்ணெயை மரத்துக்குள் அனுப்பிவிடும். தேக்குக்கு இயல்பிலேயே எண்ணெய் உண்டு. அதனால் மரம் தெரியும் இடங்களைப் பூச்சுக்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை துடைப்பது நல்லது.

உள்பக்கப் பாலிஷ் என்ன வகை என்று பார்க்க, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அசையாவிட்டால் தின்னரில் பாருங்கள், கரைந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷோ பி.யூ. என்கிற பாலியூரித்தேன் பூச்சோ. எதுவானாலும் உள்ளே வெள்ளை அடிக்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. மூடிய பீரோவுக்குள் எனாமல் வாசனை மாதக்கணக்கில் நிற்கும், அடுக்கிய துணி ஒட்டும், எண்ணெய் எனாமல் வெள்ளை இருட்டில் மஞ்சளாகும். அரக்கு என்றால் லேசாகத் தேய்த்து ஸ்பிரிட் பாலிஷே இரண்டு கை போட்டுவிடுங்கள். வெளியே வெள்ளையும் திறந்தால் பழுப்புமாக, அழகாகவும் இருக்கும்.

வண்டு துளைகளையும் பாருங்கள். ஓட்டைகளுக்குக் கீழே மைதா போலப் புதுப்பொடி விழுந்திருந்தால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது. வைரம் பாய்ந்த நடுத்தேக்கில் உளுவண்டு ஏறாது, ஓரத்து வெளிர் பகுதியில் ஏறும். மருந்து வைத்து, இரண்டு வாரம் விட்டு, மறுபடி பொடி விழவில்லை என்றால்தான் மக்கு (துளை அடைக்கும் பசை) அடைத்துப் பூச்சுக்குப் போகலாம். ஒரு இடத்தில் மட்டும் மக்கோ பட்டியோ அடைக்கவே கூடாது: கதவின் நடுப்பலகை சட்டத்தின் காடிக்குள் நுழையும் விளிம்பு. அந்தப் பலகையைப் பழைய ஆசாரிகள் ஒட்டாமல் சும்மாதான் செருகி வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் அகலமாகும், கோடையில் சுருங்கும். இடைவெளி அசிங்கமாக இருக்கிறது என்று பட்டியால் மூடினால், அடுத்த சித்திரையில் அந்த விளிம்பு நெடுக மயிரிழை போல ஒரு விரிசல் ஓடும். வெள்ளையில் அது கறுப்புக் கோடாகத் தெரியும்.

பூச்சு வரிசைக்கு வருவோம். கீல், கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாம் கழற்றிவிடுங்கள். இறுகிய திருகாணியை முதலில் ஒரு துளி இறுக்கி, பிறகு தளர்த்தினால் தலை சிதையாது. எந்தக் கீல் எந்த இடம் என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். நிற்கிற பச்சையின் பளபளப்பு போகும்வரை 180-ஆம் நம்பர் வாட்டர் பேப்பர், உரிந்த குழியின் ஓரம் விரலுக்குத் தட்டாதபடி சரிவு. நன்றாகக் காயவிட்டு, மரமோ பாலிஷோ தெரியும் இடங்களில் அரக்கு. பிறகு முழுக்க எண்ணெய் வகை வெள்ளை வுட் பிரைமர். ஒரு நாள் கழித்துப் பட்டி, அது காய்ந்ததும் 320-ஆல் தேய்ப்பு, பட்டி வைத்த இடங்களுக்கு மட்டும் மறுபடி பிரைமர். மேல்பூச்சுக்குக் குழந்தை அறை என்பதால் தண்ணீர் கலக்கும் எனாமலையே சொல்வேன், வாசனை குறைவு, மஞ்சளாகாது. எண்ணெய் எனாமல் அதைவிட வழவழப்பாகப் படியும் என்பதை மறுக்க மாட்டேன். பீரோ 6 அடி உயரம், மூன்றரை அடி அகலம் என்றால் வெளிப்புறம் சுமார் 45 சதுர அடிதான். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் தாராளம். கனமாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் வழியும், எண்ணெய் எனாமல் என்றால் தோல் சுருங்கும். ஸ்பிரே ஆள் கார் பூச்சு போல டூகோ (ஸ்பிரேயில் அடிக்கும் லாக்கர்) அடித்துத் தருகிறேன் என்றால் பச்சை முழுவதும் போயிருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். லாக்கரில் இருக்கும் தின்னர் பழைய எனாமலைப் பொங்க வைத்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் சாக் பெயிண்ட் (chalk paint), தேய்க்காமலே ஒட்டும் என்பதற்காகப் பிரபலம். ஒட்டும்தான், ஆனால் அடியில் உரிகிற பச்சையோடு சேர்ந்து அதுவும் உரியும்.

முடிந்தால் தை முதல் பங்குனிக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அரக்கு வெள்ளையாகப் பூத்துவிடும். நேர் வெயிலும் ஆகாது. பெயிண்ட் அடிக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசு அடங்கும். கடைசிக் கோட் மறுநாளே காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் உள்ளே இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு வீட்டில் புத்தக அலமாரி கொடுத்த நாலாம் நாள் தட்டில் நாளிதழை விரித்து அடுக்கிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனபோது சினிமா விளம்பரம் ஒன்று இடவலம் மாறி அந்த வெள்ளைத் தட்டில் அச்சாகியிருந்தது. கதவுகளையும் முதல் வாரம் ஒருக்களித்தே வைத்திருங்கள். இறுக மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது தோலோடு வரும்.

பீரோவைத் தூக்கி நிறுத்தும் முன் நாலு கால்களின் அடியையும் பாருங்கள். மரத்தின் குறுக்குவெட்டு முகம் அங்கேதான் திறந்திருக்கிறது. வீடு துடைக்கும் தண்ணீரைத் தினமும் குடிப்பது அதுதான். உங்கள் பச்சை கீழிருந்து மேலாக உரிந்திருந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். அடியில் இரண்டு கோட் பிரைமர் குடிக்கக் கொடுத்து, காய்ந்தபின் ரப்பர் புஷ் அடித்து நிறுத்துங்கள்.